ஆற்றை குசினி இது?

பழைய வீடு உடைக்கிற இடத்தில் ஒரு கதவு நிலை வாங்கி வந்தால் ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. "நல்ல முதிரை, இப்ப இப்பிடி எடுக்கேலாது" என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பழைய ஓடு வாங்கலாம். பழைய யன்னல் வாங்கலாம். யப்பானில் ஆரோ ஓடிக் களைத்த வாகனத்தை இறக்கி, தேசிக்காய் வைத்து, மாலை போட்டு வீதிக்கு எடுக்கலாம். ஆனால் பாவித்த குசினி ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி விலையைப் பற்றி வராது. "ஆற்றை குசினி?" என்றுதான் வரும்.

எங்களுக்கு அந்தக் கேள்வியில் கோபம் உண்டு. அதோடு, கேட்கவேண்டிய கேள்வியை அது மறைத்துவிடுகிறது என்ற கவலையும் உண்டு. இரண்டையும் எழுதிவிடுகிறோம்.

குசினி என்று இங்கே சொல்வது அறையை இல்லை, அறைக்குள் பூட்டுகிற சாமானை. ஓடாவிமாரும் கடைக்காரரும் 'பான்ட்ரி' என்பார்கள். கீழே வரிசையாக அலுமாரிகள், அதற்கு மேலே கிரனைட் கல், கல்லுக்குள் இறக்கின சிங்க், சுவரில் தொங்கும் சின்ன அலுமாரிகள். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு ஏறினபோது பலகை, பிணைச்சல், சிங்க், குழாய் எல்லாத்தின் விலையும் கூடவே ஏறியது. அதற்குப் பிறகு புதுப் பான்ட்ரி என்பது மாதச் சம்பளக்காரர்கூட இரண்டு தரம் யோசித்துச் செய்கிற காரியம். இன்னொரு பக்கம், வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டைத் திருத்துகிறவர்களும், யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் கட்டின வீட்டை மறுபடி மாற்றிக் கட்டுகிறவர்களும் பழசைக் கழட்டி விற்கிறார்கள். முகநூலில் விளம்பரம் வரும். கீழே ஒரு வரி கட்டாயம் இருக்கும்: கழட்டி எடுப்பது வாங்குபவர் பொறுப்பு.

இந்த வகைக் குசினிகளில் ஒரு வேடிக்கை இருக்கு. பல குசினிகளில் சமைத்ததே இல்லை. வெளிநாட்டுக் காசில் எழும்பின வீட்டில் இரண்டு குசினி இருக்கும். உள்ளே மினுங்குகிற பான்ட்ரி, வாற ஆக்களுக்குக் காட்ட. பின்னுக்குப் புகட்டோடு ஒரு கொட்டில், மீன் பொரிக்க, மிளகாய் வறுக்க, உண்மையில் சமைக்க. ஆகவே விற்பனைக்கு வருகிற 'பாவித்த' குசினி சில வேளை பாவிக்காத குசினிதான். ஐந்து வருடம் ஒரு கேத்தலும் இரண்டு தேத்தண்ணிக் கோப்பையும் மட்டும் கண்ட கிரனைட் கல்லை நாங்களே பார்த்திருக்கிறோம்.

கோண்டாவிலில் அப்படி ஒரு வீட்டில் இருந்து எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு, கிளிநொச்சிப் பக்கம், போன வருடம் ஒரு குசினி போனது. கழட்டினது, ஏற்றினது, இறக்கினது எல்லாத்திலும் நாங்கள் நாலு பேர் நின்றோம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வேற என்ன வேலை என்று எல்லாருக்கும் தெரியும்தானே. ஓடாவியார் புதிதாகச் செய்யச் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக முடிந்தது. கணக்கு அவ்வளவு நல்லாக இருந்தும் பக்கத்து வீட்டு அன்ரி கேட்டது ஒன்றுதான். "ஆற்றை குசினி? எந்தப் பக்கத்து ஆக்கள்?"

இரண்டாவது கேள்வியை மொழிபெயர்க்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் விளங்கும். மச்சம் சமைத்த குசினியா என்று கேட்பதுபோல தொடங்கும், என்ன சாதி என்பதில் போய் நிற்கும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அறுபதுகளின் கடைசியில் தேநீர்க் கடைகளுக்கு முன்னாலும் கோயில்களுக்கு முன்னாலும் போராட்டம் நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை எங்களுடைய தலைமுறை வாசித்தாவது அறிந்திருக்கிறது. கடைக் கதவும் கோயில் கதவும் ஓரளவுக்குத் திறந்தன. குசினிக் கதவை எந்தச் சட்டமும் தொடவில்லை, தொடவும் ஏலாது. சாதி இப்போது அங்கேதான் வசதியாகக் குந்தியிருக்கிறது. விறாந்தை வரை எல்லாரும் வரலாம், மண்டபத்தில் கதிரையும் கிடைக்கும், குசினிக்குள் ஆர் வரலாம் என்பதில்தான் வீட்டின் உண்மையான முகவரி எழுதியிருக்கும். குசினியைத் தன் கையால் செய்து பூட்டின ஓடாவியார், வேலை முடிந்த அடுத்த நாள் அதே குசினிக்குள் போய் ஒரு கோப்பை எடுத்துத் தண்ணி குடிக்கேலாத வீடுகள் எங்களுக்குத் தெரியும். பலகையில் அவருடைய கை பட்டது தீட்டில்லை, கோப்பையில் பட்டால் தீட்டு. இதை ஒரு கருத்தரங்குக் கட்டுரையாக எழுதச் சொன்னால் இருபது பக்கம் எழுதலாம். அன்ரிக்கு அம்மா சொன்னது இரண்டே சொல்லு: "இப்ப என்ரை."

நாங்கள் கை தட்டாத குறை. பிறகுதான் யோசித்தோம், உண்மையிலேயே அது அம்மாவுடையதா?

ஏனென்றால் அந்தக் குசினியைத் தெரிவு செய்தது அண்ணா. விலை பேசினது அப்பா. சுவரை அளந்தது மேசன் அண்ணை. படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து "நல்லாயிருக்கு" என்றதுதான் அம்மாவின் பங்கு. ஒரு நாளில் நாலைந்து மணித்தியாலம் அதற்கு முன்னால் நிற்கப்போகிறவ அவ. சுவரின் நீளம் பதினொரு அடி என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் முழங்கை தரையில் இருந்து எத்தனை அங்குலம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பழைய குசினி வாங்குவது கெட்டித்தனமான காரியம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய குசினியோடு இன்னொருத்தியின் உடம்பின் அளவையும் சேர்த்து வாங்குகிறோம் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

கழட்டுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், வாசிக்கிற ஆருக்காவது உதவும். முதலில் படம் எடுங்கள், பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் கதவுக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டி இலக்கம் போடுங்கள். காஸ் சிலிண்டரின் ரெகுலேற்றரைக் கழட்டி வெளியே வையுங்கள். பழைய காஸ் குழாயைக் கொண்டு போகவே வேண்டாம், புதிது வாங்குங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள், சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. மேல் அலுமாரிகளை முதலில் இறக்கவேணும். ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் திருகாணி கழட்டவேணும், ஒற்றை ஆளாகச் செய்யிற வேலை இல்லை.

கல்லில்தான் பலருக்குக் கை நடுங்கும். எட்டடி நீளம், இரண்டடி அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் கல் ஏறத்தாழ 80 கிலோ. பாரத்தை விட ஆபத்து சிங்குக்கு வெட்டின ஓட்டை. ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சியிருப்பது நாலு விரல் அகலக் கீற்று. படுக்கையாகத் தூக்கினால் அந்த இடத்தில்தான் முறியும். ஓரத்தில் இருக்கிற சிலிக்கனைப் பிளேட்டால் அறுத்து, ஓட்டையின் குறுக்கே ஒரு பலகையை இறுக்கிக் கட்டி, கல்லை நிமிர்த்தி, கண்ணாடி கொண்டு போவதுபோல விளிம்பில் நிறுத்தித்தான் கொண்டு போகவேணும். வாகனத்திலும் அப்படித்தான். பட்டாவின் ஒரு பக்கத்தில் பழைய மெத்தையைச் சாத்தி, கீழே சைக்கிள் ரயர் போட்டு, கல்லை நிற்கவைத்துக் கட்டினோம். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டும் வரை ஒரு குலுக்கம் இல்லை. உயிர் போனது கடைசி ஒரு கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கையில்.

அலுமாரிப் பெட்டிகளைப் பலகை பலகையாகப் பிரிக்காதீர்கள். சிப்போட்டில் ஒருக்கால் திருகாணி போன ஓட்டையில் இரண்டாம் தரம் திருகாணி பிடிக்காது, தூளாகக் கொட்டும். கதவை மட்டும் கழட்டி, பெட்டியைப் பெட்டியாகவே ஏற்றுங்கள். பட்டாவில் இடம் வீணாகும், ஓடாவியார் இரண்டு தரம் ஓடவேண்டி வரும், பரவாயில்லை. இன்னொன்று, 'ட' வடிவக் குசினி வாங்குவதற்கு முன் உங்கள் அறையில் 'ட'வின் கால் எந்தப் பக்கம் வரும் என்று பாருங்கள். கண்ணாடியில் தெரிகிற 'ட' உங்களுக்குத் தேவை என்றால் மூலைப் பெட்டியும் மூலைக் கல்லும் வீண்.

பட்டாவில் எல்லாம் ஏற்றி முடிந்து கயிறு கட்டுகிற நேரம் அம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தா. 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாம் கழட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன குடும்பம் அது. ஒவ்வொரு இடத்திலும் இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விட்டு, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. "கழட்டினதைத் திரும்பிப் பூட்டுறதை இப்பதான் பாக்கப்போறன்" என்றா. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இருக்கிற வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவோடு தங்கள் உழைப்பையும் கடனையும் போட்டுக் கட்டினது. அதில் குசினி என்ற அறை பத்து வருடத்துக்கு மேலாக ஒரு சீமெந்துத் திண்ணையும் ஒரு மேசையுமாகத்தான் இருந்தது.

இனி எங்கள் வழக்குக்கு வருவோம்.

கோண்டாவில் வீட்டில் மேடையின் உயரம் 36 அங்குலம். நாலு அங்குலம் செங்கல் அடிக்கட்டு, அதற்கு மேல் 31 அங்குலம் சொச்சம் பெட்டி, பிறகு கல். எங்கே இருந்து வந்தது இந்த 36? அமெரிக்கப் புத்தகத்தில் இருந்து வந்தது. ஆரோ ஒரு கட்டிடக்காரர் எடுத்தார், பிறகு எல்லாரும் அதையே எடுத்தார்கள். நின்றுகொண்டு வெட்டுகிற வேலைக்கு மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கவேணும். அம்மா ஐந்தடி ஓரங்குலம். அவவின் முழங்கை தரையில் இருந்து 38 அங்குலம். அப்படியென்றால் மேடை 33, 34க்குள் இருக்கவேணும். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். உங்கள் படிக்கிற மேசையை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு ஒரு பின்னேரம் எழுதிப் பாருங்கள், தோள் சொல்லும்.

அடுப்பில்தான் இன்னும் மோசம். காஸ் அடுப்பு கல்லுக்கு மேலே ஐந்து அங்குலம். சோற்றுப் பானை எட்டு அங்குலம். 36ஓடு கூட்டினால் 49. பானையின் விளிம்பு அம்மாவின் தோளுக்குக் கிட்ட வருகிறது. கொதிக்கிற பானைக்குள் அகப்பையை விட்டுக் கிண்டக் கையைத் தோளுக்கு மேலே தூக்கவேணும். பொங்கலுக்குப் பெரிய பானை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேணும். எங்கள் வீடுகளில் நாற்பது வயது தாண்டின அம்மாமார் எல்லாரும் தோள் நோவுக்கு எண்ணெய் பூசுகிறார்கள். காரணம் குசினி மட்டும்தான் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் அதை ஒருவரும் சந்தேகப்படக்கூட இல்லை என்பது விசித்திரம். வாதம் என்கிறோம், வயது என்கிறோம், அளவு நாடாவை எடுப்பதில்லை.

ஜேர்மனியில் சொந்தக்காரர் இருந்தால் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். அங்கே பல வாடகை வீடுகளில் குசினி அறை மொட்டையாக இருக்கும். சுவரில் தண்ணிக் குழாயும் கரண்ட் வயரும் மட்டும்தான். குடியிருக்க வருகிறவர் தன் குசினியைக் கொண்டுவந்து பூட்டவேணும், போகும்போது கழட்டிக்கொண்டு போகவேணும், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். கட்டில் மாதிரி, அலுமாரி மாதிரி, குசினியும் ஒரு தளபாடம். எங்கள் சித்தப்பாமாரும் மாமாமாரும் அங்கே மற்றவர்கள் பாவித்த குசினியில் சமைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், எந்தப் பக்கத்து ஆக்கள் என்று கேட்பதில்லை. ஊருக்கு வந்தால் மட்டும் கேட்பார்கள். அது வேற கதை.

இப்படிப் பூட்டுகிற குசினியின் கதையில் பெரிய திருப்பமும் அந்த நாட்டில்தான் நடந்தது. 1926இல் பிராங்பேர்ட் நகரசபை தொழிலாளர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீடு கட்டத் தொடங்கியிருந்தது. அந்த வீடுகளுக்குக் குசினி வரைந்தவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ரயிலில் இருக்கிற சாப்பாட்டுப் பெட்டியின் குசினியைப் பார்த்து, அடியை எண்ணி, நேரத்தைக் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளத்துக்குள் எல்லாத்தையும் அடக்கினார். சீனி, அரிசி என்று பெயர் எழுதின அலுமினிய இழுப்பறைகள். யன்னலுக்குக் கீழே வேலை மேசை, முன்னால் சுழல்கிற முக்காலி, இருந்துகொண்டு வெட்டலாம். கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் அது பூட்டப்பட்டது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பான்ட்ரியின் கொள்ளுப்பாட்டி அதுதான்.

ஷூட்டே-லிஹோட்ஸ்கி பின்னாளில் ஒரு விசயத்தை வெளிப்படையாகச் சொன்னார். அதை வரைகிற காலத்தில் தனக்குச் சமைக்கவே தெரியாது, வீடு நடத்தின அனுபவமும் இல்லை என்று. எங்களுக்கு அதில் குறை இல்லை. சமைக்கத் தெரியாதவர் அளந்தார், கேட்டார், முக்காலி போட்டார். சமைத்த சாப்பாட்டை மூன்று வேளையும் சாப்பிடுகிற எங்கள் வீட்டு ஆம்பிளையள் அதைச் செய்யவில்லை. ஆனால் 1970களில் பெண்ணியவாதிகள் அந்தக் குசினியிலும் ஒரு குற்றத்தைக் கண்டார்கள். அறை ஒரு ஆளுக்கு மட்டும் அளவெடுத்தது. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் இடிக்கும். அந்த ஒரு ஆள் பெண்தான் என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பிராங்பேர்ட் குசினிகளில் ஒன்றைக் கழட்டி, கடல் கடந்து கொண்டுபோய், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவரும் சமைப்பதில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோண்டாவில் வீட்டுப் பான்ட்ரியும் அப்படித்தான் இருந்தது. நியூயோர்க்கில் அதற்கு ஒரு காரணமாவது இருக்கு.

சரி, பழைய குசினிக்கும் இதுக்கும் என்ன? இதுதான்: புதிதாகச் செய்கிற குசினியில் எல்லாம் ஒரேயடியாக முடிவாகிவிடும். ஓடாவியார் பட்டியலில் இருக்கிற அளவைப் போட்டுச் செய்துவிடுவார். கழட்டிப் பூட்டுகிற குசினியில் ஒரு இடைவெளி இருக்கு. செங்கல் அடிக்கட்டு கூட வராது. அது பழைய வீட்டிலேயே நின்றுவிடும். சுவரில் ஒட்டின ரைல்சும் வராது. ஆகவே புது வீட்டில் அடிக்கட்டை மறுபடி கட்டவேணும், எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்பதை அன்றைக்கு, அந்த இடத்தில், ஆரோ முடிவு செய்யவேணும். வழக்கமாக மேசன் அண்ணை பழைய அளவையே போடுவார், கேட்க ஆளில்லை. அந்த ஒரு மணித்தியாலம்தான் அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, அளக்கவேண்டிய நேரம். செலவு ஒன்றும் இல்லை. இரண்டு அங்குலச் செங்கல் மிச்சம்.

நாங்கள் இதைச் சொன்னபோது எதிர்ப்பு வந்தது, எல்லாம் ஒரே மாதிரி எதிர்ப்பும் இல்லை. மேசன் அண்ணையின் எதிர்ப்பு நியாயமானது. எங்கள் வீடுகளில் குசினியைத் தண்ணி ஊற்றிக் கழுவுவோம். அடிக்கட்டைப் பதித்தால் தண்ணி சிப்போட்டில் ஏறி, ஒரு மாரிக்குள் பலகை பொங்கிவிடும். அதற்கு வழி இருந்தது. இரண்டு அங்குலச் சீமெந்துக் கட்டு, முன்னுக்கு ரைல்ஸ், பெட்டியின் அடி விளிம்புக்குச் சிலிக்கன். 34இல் நின்றது. அண்ணாவின் எதிர்ப்பு, பிறகு விற்கேக்க விலை போகாது என்பது. பத்து வருடம் சமைக்கிற ஆளை விட, பத்து வருடம் கழித்து வாங்கப்போகிற ஆளைப் பற்றி யோசிக்கிறார். அப்பாவின் எதிர்ப்புத்தான் எங்களுக்குப் பிடித்தது. "நாளைக்கு உயரமான மருமகள் வந்தால்?" மகன் ஐந்தடி பத்து. மகனுக்கு எட்டுமா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உயரமான மருமகளைப் பற்றிக் கவலைப்படுகிற வீட்டில் உயரமான மகன் சமைக்கக்கூடும் என்ற யோசனை வராதது தற்செயல் இல்லை.

அடுப்புக்கு என்ன செய்வது என்று சொன்னது அம்மாதான். கல்லில் மூலைத் துண்டு மிஞ்சியிருந்தது. அதை வைத்து அடுப்புக்கு மட்டும் தனியாக, 28 அங்குல உயரத்தில் ஒரு மேடை கட்டச் சொன்னா. வரிசை மட்டமாக வராது, படத்தில் வடிவாகத் தெரியாது என்று அண்ணா சொன்னார். பானையின் விளிம்பு இப்போது 41இல் நிற்கிறது, அம்மா உள்ளே பார்த்துக் கிண்டுகிறா. திருவலைக்கும் இடம் கேட்டா. பான்ட்ரி வரைகிற ஒருத்தருக்கும் திருவலை ஞாபகம் வராது. தேங்காய் துருவ, இடியப்ப மா அரிக்க, மீன் வெட்ட எங்கள் ஆக்கள் இன்னும் நிலத்தில்தான் இருக்கிறார்கள். எல்லா வேலைக்கும் நிற்கவேணும் என்பது 36 அங்குலத்தோடு சேர்ந்து வந்த இன்னொரு இரவல். ஒரு கீழ்ப்பெட்டியைப் பூட்டாமல் விட்டு, அந்த முப்பது அங்குல இடைவெளிக்குள் திருவலையும் ஒரு பலகைக்கட்டையும் வைத்தோம். எடுத்துப் போட்டு இருக்கவும் திரும்பித் தள்ளவும் இடம் கிடைத்தது. பூட்டாத பெட்டி திருநெல்வேலியில் எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அதில் இப்போது குறிப்புக் கொப்பிகள்.

வெளியில் இருக்கிற விறகடுப்பை உடைக்கவில்லை. 2022இல் ஒரு சிலிண்டர் 5,000 ரூபாவை நெருங்கி, காசு இருந்தும் வரிசையில் நின்றும் கிடைக்காமல் போன மாதங்களில் சோறு தந்தது அதுதான். வடிவுக்காக அதை உடைக்கச் சொல்லுகிற ஆரையும் நம்பவேண்டாம்.

மேல் அலுமாரிகளின் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. கல்லுக்கு மேலே 18 அங்குலம் விட்டுப் பூட்டுவது வழக்கம். அப்படிப் பூட்டினால் அம்மாவுக்கு அடித்தட்டு மட்டும்தான் எட்டும், மற்ற இரண்டு தட்டும் சிலந்திக்கு. 13 அங்குலத்தில் பூட்டலாம் என்பது எங்கள் கட்சி. சிங்குக்கு முன்னால் நின்றால் நெற்றியில் இடிக்கும் என்கிறார் அப்பா. "அதிலை நீங்கள் கடைசியா எப்ப நிண்டனீங்கள்?" என்று அம்மா கேட்டா. நாலு அலுமாரியும் மண்டபத்துக்குள் தகரப் பெட்டிகளுக்கு மேலே கிடக்கிறது. வாற லீவுக்குப் போய், அப்பாவின் நெற்றியையும் ஒருக்கால் அளக்கவேணும்.